படம் போட்டுப் பாட்டு நடத்துவது: தம்பிக்கு ஒரு கடிதம்

கரிவலம்வந்தநல்லூர்,
ஆடி 4, ஞாயிறு (20.07.2025)

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அத்தானும் பிள்ளைகளும் அம்மாவும் நலம். அங்கே நீயும் வீட்டில் அவளும் என் மருமகளும் நலந்தானே? அம்மாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் தேவலை. சாயங்காலம் பால்வண்ணநாதர் கோயிலுக்கு நடந்தே போய்வருகிறாள். திரும்பி வந்ததும் உன் பேச்சுத்தான். பிள்ளை அந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டானா என்று நித்தமும் கேட்கிறாள். ஒரு நாள் நீயே போன் போட்டுச் சொல்லிவிடு.

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், பேசவேண்டியதோ நிறைய இருந்தது. பிளஸ் ஒன் தமிழில் 'இசைத்தமிழர் இருவர்' பாடம் வரப்போகிறது, பள்ளிக்குத் திறன்மிகு வகுப்பறை வந்திருக்கிறது, ஏதாவது இசை ஆவணப்படம் போட்டு நடத்தலாமா, பிள்ளைகள் கவனிப்பார்களா, பாடத்திட்டம் முடியாமல் போய்விடுமா என்றெல்லாம் கேட்டாய். கட்டாயம் போடு என்பதுதான் என் பதில். ஆனால் படத்தை ஓடவிட்டுவிட்டு நீ பின்பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவதாக இருந்தால் போடவே வேண்டாம். என் பள்ளியில் சில வருஷமாக இதைச் செய்துபார்த்துக் கற்றுக்கொண்டதை உனக்கு விவரமாக எழுதுகிறேன்.

நான் இதைத் தொடங்கியதற்குக் காரணம் காவடிச்சிந்து. அதே பிளஸ் ஒன் புத்தகத்தில் அண்ணாமலையாரின் காவடிச்சிந்தும் பாடமாக இருக்கிறது. அவர் பிறந்த சென்னிகுளம் நமக்குப் பக்கத்து ஊர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்து, கழுகுமலை முருகனைப் பாடிய மனிதர். 1891-இல் இளம் வயதிலேயே போய்விட்டார். அவர் கட்டிய மெட்டுகளைத் தமிழ்நாடே பாடியது. காவடி எடுத்து நடக்கிறவர்களின் காலடிக்கென்று கட்டிய பாட்டு அது. அப்படிப்பட்ட பாட்டை அவர் ஊருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நம் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் தெரியுமா? சொற்பொருள், இலக்கணக்குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், மனப்பாடம். வகுப்பில் சத்தமே கிடையாது. ஆனால் பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைக்குப் போகும்போது இதே பிள்ளைகள் மேளத்துக்குத் தப்பாமல் கால் எடுத்துவைக்கிறார்கள். புத்தகத்தில் இருப்பதும் தங்கள் காலில் இருப்பதும் ஒன்றுதான் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

நம் பாடப் புத்தகங்கள் இசையைப் பற்றி நிறையவே பேசுகின்றன. எட்டாம் வகுப்பில் 'தமிழர் இசைக்கருவிகள்', பத்தாம் வகுப்பில் 'நிகழ்கலை', பிளஸ் ஒன்னில் காவடிச்சிந்து, நம் மாவட்டத்துக் குற்றாலக் குறவஞ்சி, பிறகு இளையராஜாவும் ஏ.ஆர். ரஹ்மானும். இத்தனையும் அச்செழுத்தில்தான் இருக்கின்றன. ஒரு கருவி எப்படிச் சத்தம் போடும், அதை வாசிக்கிறவர் எப்படி உட்காருவார், அவர் விரல் என்ன பாடுபடுகிறது என்பதையெல்லாம் எழுத்து ஓரளவுதான் சொல்லும். நல்ல ஆவணப்படம் அங்கேதான் கைகொடுக்கிறது. நாம் காது நிறையக் கேட்டும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு மனிதரைக் கிட்டே கொண்டுவந்து உட்காரவைக்கிறது.

எந்தப் படங்கள் என்று கேட்டாய். என் வகுப்பில் நன்றாக எடுபட்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பறை பற்றியது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரீனியன் 2011-இல் எடுத்த 'திஸ் இஸ் எ மியூசிக்'. முனைவென்றி ஊரின் 'குறிஞ்சி மலர்' பறைக் குழுவைப் பற்றிய படம். கலைஞர்கள் தமிழிலேயே பேசுவதால் பிள்ளைகளுக்குத் தடையில்லை. பேராசிரியரான அந்த அம்மா கிராமத்துக்கு வந்து கலைஞர்களிடம் மாணவியாகப் பறை பழகுகிறார். ஊர் தள்ளிவைத்த ஒரு கருவியை அதை வாசிக்கிறவர்களே தங்கள் கலை என்று தலைநிமிர்ந்து சொல்கிறார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் இளம்பெண்கள் பறையடிப்பதைப் பற்றியும் அவர் 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று ஒரு படம் எடுத்திருக்கிறார். பெண்பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அதையும் சேர்த்துக்கொள். இந்த ஆண்டு பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்த செய்தியையும் சொல். ஒரு கலை எங்கிருந்து எதுவரை நடந்து வந்திருக்கிறது என்பது பிள்ளைகளுக்குப் புரியும்.

அடுத்தது தவில். அம்ஷன் குமார் இயக்கிய யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி பற்றிய படம், 2015-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த கலை, பண்பாட்டுப் படமாகத் தேர்வானது. இணுவிலில் பிறந்து, தமிழ்நாட்டுப் பெரிய நாகசுர வித்வான்களுக்கெல்லாம் வாசித்து, 1975-இல் நாற்பதை ஒட்டிய வயதில் மறைந்த மேதை அவர். நம் பிள்ளைகளுக்குக் கல்யாண வீட்டில் தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுவதுதான் தவில். அதற்கு மேல் அதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதற்காகவே ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கேட்ட ஜனங்கள் இருந்தார்கள் என்பதை இந்தப் படம்தான் அவர்களுக்குக் காட்டியது. வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கழி பிடித்து, பலா மரத்தில் குடைந்த அந்தப் பெரிய உடலை அதிரவைப்பதைப் பார்த்த பிறகு எட்டாம் வகுப்புப் பாடத்தில் தோற்கருவி என்ற சொல் வரும்போது பிள்ளைகளுக்கு அது வெறும் சொல்லாக இருப்பதில்லை.

மூன்றாவது, சத்யஜித் ராய் 1976-இல் பரதக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த 'பாலா'. தமிழ்நாடு அரசும் பம்பாயின் தேசிய நிகழ்கலை மையமும் சேர்ந்து எடுக்கவைத்த, அரை மணி நேரம் போலப் போகும் படம். ராய் சிறு வயதில், 1935-இல் கல்கத்தாவில் பாலாவின் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். படம் எடுக்கும்போது பாலாவுக்கு வயது 58. கடற்கரையில் காற்று சேலைத் தலைப்பை இழுக்க அவர் கண்ணனை அழைத்து ஆடும் காட்சியை மட்டும் போடு. வர்ணனை ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்த இடங்களில் ஒலியைக் குறைத்துவிட்டு நீயே பேசு. பிறகு இந்தக் கேள்வியைக் கேள்: இவர் இருபது வயதில் ஆடியதை ஒருவரும் இப்படிப் படம்பிடித்து வைக்காததால் நாம் எதை இழந்தோம்? என் வகுப்பில் ஒருத்தி, "எங்க ஆச்சி நடவு நடும்போது பாடுவா டீச்சர், அதையும் யாரும் எடுக்கல" என்றாள். பாடம் எங்கே போய்ச் சேரவேண்டுமோ அங்கே அவளே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இனி உன் 'இசைத்தமிழர் இருவர்'. பிள்ளைகளுக்கு இளையராஜாவையும் ரஹ்மானையும் நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பஸ்ஸிலும் டீக்கடையிலும் அவர்கள் பாட்டைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள். அதனால் அவர்கள் எவ்வளவு பெரியவர்கள் என்பதைச் சொல்ல நேரத்தைச் செலவிடாதே. அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைக் காட்டு. ரஹ்மானைப் பற்றி உமேஷ் அகர்வால் எடுத்த 'ஜெய் ஹோ' (2015) இருக்கிறது. 2018-இல் வந்த 'ஹார்மனி' தொடர் இன்னும் பொருத்தம். அதில் ரஹ்மான் கேரளத்து மிழாவு, மணிப்பூர்ப் பாட்டு, சிக்கிமின் மூங்கில் குழல், ருத்ர வீணை என்று ஒவ்வொன்றுக்கும் உரிய கலைஞரைத் தேடிப் போகிறார். இரண்டு ஆஸ்கர் வாங்கியவர் இன்னொருவர் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். கற்கிறவன் எப்படி உட்காரவேண்டும் என்று நான் நூறு தடவை சொல்வதைவிட அந்த ஒரு காட்சி போதும். இளையராஜாவுக்கு வரும்போது, புத்தகம் அச்சான பிறகு நடந்ததையும் சேர்த்துக்கொள். இந்த ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராய் மேடைக்கச்சேரி பாடப் போன பையன் வந்து நின்ற இடம் அது.

இருவரைப் பற்றியும் பேசிய கையோடு, அவர்களுக்குப் பின்னால் இருக்கும் நூறு பேரைப் பற்றியும் பேசு. அமெரிக்காவில் 2013-இல் வந்த 'ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்', பெரிய பாடகர்களுக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்தவர்களைப் பற்றியது. ஆஸ்கரும் வாங்கியது. அதில் ஐந்து நிமிடம் காட்டிவிட்டு நம் கதைக்கு வா. 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் ஜானகியம்மாவின் குரலோடு சரிக்குச் சரி நிற்கிறதே ஒரு நாகசுரம், அது யார் வாசித்தது என்று கேள். நம் வட்டாரத்துக் காருகுறிச்சி அருணாசலம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். கோவில்பட்டியில் சிலையாக நிற்கிறார். அந்தச் சிலையைத் தாண்டி பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. பாட்டையும் சிலையையும் சேர்த்துக் காட்டிய பிறகு, சினிமாப் பாட்டைக் கேட்டால் இது என்ன வாத்தியம், வாசித்தது யார் என்று அவர்களாகவே கேட்கத் தொடங்கினார்கள்.

இன்னொன்றையும் விட்டுவிடாதே. ஆவணப்படம் என்றாலே முழு உண்மை என்று பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது. 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' என்று ஒரு படம். 2013-இல் ஆஸ்கர் பெற்றது. சொந்த நாட்டில் யாரும் கண்டுகொள்ளாத ரோட்ரிகஸ் என்ற பாடகர் தனக்கே தெரியாமல் தென்னாப்பிரிக்காவில் பெரும் புகழோடு இருந்த கதை. பார்க்கிறவர் கண்ணில் நீர் வரும். ஆனால் அவர் ஆஸ்திரேலியாவிலும் புகழ்பெற்றிருந்தார், 1979-இலும் 1981-இலும் அங்கே போய்க் கச்சேரி செய்தார். படம் அதைச் சொல்லவே இல்லை. சொன்னால் கதையின் வேகம் குறையும். இதைப் பிளஸ் டூவில் 'திரைமொழி' பாடத்தோடு சேர்த்து நடத்தினேன். ஒரு காட்சிக்கு அடுத்து எதை வைக்கிறோம், எதை வெட்டுகிறோம் என்பதால் பொருளே மாறும் என்று புத்தகம் சொல்வது பிள்ளைகளுக்கு அன்றைக்கு நன்றாக உறைத்தது. போனில் வரும் எந்த வீடியோவையும் அவர்கள் இனிமேல் அந்தக் கண்ணோடு பார்த்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

இதற்கு ஜோடியாக 'சம்மர் ஆஃப் சோல்' படத்தைச் சொல்வேன். 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களின் இசைவிழா வாரக்கணக்கில் நடந்தது. லட்சக்கணக்கான ஜனம். சுமார் 40 மணி நேரம் படம்பிடித்தும் அதை முழுப் படமாக வெளியிட ஆளில்லை. ஏறக்குறைய 50 ஆண்டு அந்தச் சுருள்கள் பெரும்பாலும் கிடப்பில் கிடந்து 2021-இல்தான் படமாக வந்தன. அதே கோடையில் நடந்த உட்ஸ்டாக் விழாவோ மறு ஆண்டே படமாகி உலகம் முழுக்கச் சுற்றியது. எது நினைவில் நிற்கும் என்பதை இசையின் தரம் மட்டும் முடிவுசெய்வதில்லை, கேமரா யார் கையில், பணம் யார் கையில் என்பதும் சேர்ந்தே முடிவுசெய்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரிகிறது.

இனி நடத்தும் முறை. முழுப் படத்தை ஒரே மூச்சில் போடாதே. நமக்கு இருப்பது நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷப் பீரியடு. பத்து நிமிஷத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள். முதல் தடவை திரையை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்கவை. என்னென்ன கேட்டது என்று எழுதச் சொல். இரண்டாம் தடவை படத்தோடு போடு. பிறகு மூன்று கேள்வி. யார் பேசுகிறார்கள், யார் பேசவே இல்லை? கேமரா கையைப் பார்க்கிறதா, முகத்தைப் பார்க்கிறதா? எதை வெட்டியிருப்பார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் பேசினால் மீதி நேரம் போய்விடும். கடைசியில் புத்தகத்தைத் திறந்து அன்றைய பாடத்தின் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கவை. படம் பார்த்த சூட்டில் அந்தப் பத்தி அவர்களுக்கு வேறாகத் தெரியும். அமெரிக்காவில் ஸ்டீவன் வான் ஜாண்ட் என்ற கிடார் கலைஞர் தொடங்கிய 'டீச்ராக்' அமைப்பு, இசைப் படங்களையும் பாட்டுகளையும் வைத்து ஆசிரியர்களுக்குப் பாடக்குறிப்புகளை இலவசமாகத் தருகிறது. அங்கேயும் துண்டு துண்டாகக் காட்டி, நிறுத்திக் கேள்வி கேட்கும் முறைதான். நமக்கு அப்படிச் செய்துதர ஆளில்லை. நாமே செய்துகொள்ள வேண்டும்.

சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் போர்டில் இருக்கும் ஸ்பீக்கரை நம்பாதே, அதில் தவில் தகர டப்பா மாதிரி கேட்கும். ஆண்டுவிழாவுக்கு வைத்திருக்கும் சவுண்டு பாக்ஸைக் கேட்டு வாங்கிக்கொள். நெட் நின்றுபோகும், கரண்டு போகும். துண்டை முதல் நாளே பார்த்து எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று குறித்துவை. படத்தை நேர்வழியில் வாங்கு. ஓடிடி கணக்கு வீட்டில் பார்க்கத்தான், வகுப்பில் போட அதை எடுக்காதே. எடுத்தவர்களே பொதுவில் இலவசமாக வைத்திருக்கும் பகுதிகளைப் பயன்படுத்து. மற்றதற்கு இயக்குநருக்குக் கடிதம் எழுதி அனுமதி கேள். கலைஞனின் உழைப்பை மதிக்கச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பே திருட்டுப் படத்தில் தொடங்கக் கூடாது.

தம்பி, அடுத்து எழுதப்போவதை ரெண்டு தடவை வாசி. பறையைப் பற்றியோ தவிலைப் பற்றியோ படம் போடும்போது, "இங்கே யார் வீட்டில் இது வாசிப்பார்கள்?" என்று எந்தக் காரணம் கொண்டும் கேட்காதே. நல்ல மனசோடுதான் கேட்பாய், எனக்குத் தெரியும். ஆனால் நம் ஊர்களில் அந்தக் கேள்வி ஒரு பிள்ளையின் சாதியைக் கேட்பதுதான். நாங்குநேரியில் 2023-இல் சாதியின் பேரால் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வெட்டியதை நாம் மறக்க முடியாது. அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்கள் பள்ளிக்குள் கூடாது என்று சொன்னது. கையில் கட்டும் கயிற்றை அவிழ்க்கச் சொல்கிற நாமே நம் கேள்வியால் ஒரு பிள்ளையின் கழுத்தில் கயிறு கட்டிவிடக் கூடாது. படத்தைப் போடுவதற்கு முன்னால் இந்தக் கருவியை மாநிலம் முழுக்க எல்லாத் தரப்பாரும் இன்று கற்கிறார்கள், கலைத் திருவிழாவில் எந்தப் பிள்ளையும் வாசிக்கலாம் என்பதையெல்லாம் சொல்லித் தொடங்கு. கிண்டல் வந்தால் படத்தை அப்போதே நிறுத்திப் பேசு. எதையும் சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் உரிமை.

அப்படி இடம் கொடுத்தால் அவர்களாகவே பேசுவார்கள். பறைப் படத்தில் வாசிப்பதற்கு முன் பறையைத் தீயில் காய்ச்சும் காட்சியை நிறுத்தி, எதற்கு இது என்று கேட்டேன். சடங்கு, சாமிக்கு என்றெல்லாம் பதில் வந்தது. ஒரு பையன் எழுந்து, ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும், சூடு பட்டால் இறுகும், அப்போதுதான் சத்தம் கணீரென்று எழும் என்றான். ஒரு கையில் இருப்பது அடிக்குச்சி, மற்றதில் மெலிசாக நீளமாக இருப்பது சிண்டுக்குச்சி, ரெண்டும் ஒரே சத்தம் தராது என்றும் சொன்னான். உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நேரே இயற்பியல் ஆசிரியரை வகுப்புக்கு அழைத்தேன். இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும் என்று அவர் போர்டில் எழுதி, அந்தப் பையன் சொன்னதுதான் இது என்றார். பரம்பரையாகக் கையில் இருந்தது அன்று அறிவியல் பாடமாகப் போர்டில் ஏறியது. பாடம் முடிந்ததும் நாலைந்து பையன்கள் குச்சி பிடிப்பது எப்படி என்று அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆவணப்படம் வகுப்புக்குள் வரவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம். தன்னைச் சுற்றி ஒலிப்பதெல்லாம் படித்தவர்கள் மதிக்கும் அறிவு என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற பிள்ளைகளும் அவனோடு சேர்ந்து அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்ப்பதோடு நிற்காதே, எடுக்கவும் சொல்லிக்கொடு. போன வருஷம் நம் கோயில் ஆவணித் தபசுத் திருவிழாவுக்கு முன்னாடி பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு கலைஞரைப் பற்றி ஐந்து நிமிஷப் படம் எடுக்கச் சொன்னேன். நாகசுரம், நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, தேவாரம் பாடும் ஓதுவார் என்று பிரித்துக்கொண்டார்கள். சில கட்டுப்பாடு வைத்தேன். வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்கவேண்டும். ரீல்ஸ் போடக் கூடாது. கேள்வியை முன்னாடியே எழுதி என்னிடம் காட்டவேண்டும். எடுத்த படத்தை முதலில் அந்தக் கலைஞருக்குப் போட்டுக்காட்ட வேண்டும், அவர் வேண்டாம் என்கிற இடத்தை நீக்கிவிட வேண்டும். பெயரும் ஊரும் எழுத்துப் பிழையில்லாமல் வரவேண்டும்.

நாகசுரக் குழுவுக்குப் போன பிள்ளைகள் வந்து சொன்னது எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது. அந்த வித்வான் சீவாளியை வாயில் வைத்து நனைத்து, ஊதிப் பார்த்து, சரியில்லை என்று வேறொன்றை மாற்றி, அதற்கே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாராம். பொறுமையிழந்த பிள்ளைகளிடம், "சத்தம் இதிலதான் இருக்கு, அவசரப்பட்டா வராது" என்றாராம். நாகசுரத்தை ஆச்சா மரத்தில் கடைவது, நரசிங்கம்பேட்டையில் அதைச் செய்கிறவர்கள், 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாவற்றையும் பிறகு வகுப்பில் சேர்த்துப் படித்தோம். படத்தில் தன் பெயர் வருவதற்கு முன் தன் குருவின் பெயரும் ஊரும் வரவேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் அப்படியே போட்டார்கள். பிறகு அவரையே கருத்தாளராகப் பள்ளிக்கு அழைத்து, பள்ளி மேலாண்மைக் குழு மூலம் போக்குவரத்துச் செலவும் கொடுத்து, ஆசிரியர் நாற்காலியில் உட்காரவைத்துப் பாடம் கேட்டோம். அன்றைக்குக் காவடிச்சிந்தின் மெட்டை அவர் வாசிக்க, பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துப் பாடினார்கள். அந்தச் செய்யுளை அதற்குப் பிறகு யாரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்யவில்லை. தானாக வந்துவிட்டது.

பாடத்திட்டம் முடியுமா என்று உன் ஹெச்.எம். கேட்டால் பணிவாகச் சொல். நான்கு வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களில் இசையும் திரையும் பாடமாகவே இருக்கின்றன, புதிதாக எதையும் சேர்க்கவில்லை. 2022 முதல் கல்வித் துறையே பள்ளிகளில் சிறார் திரைப்படம் போட்டுப் பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைக்கிறது, கலைத் திருவிழாவும் நடத்துகிறது. பத்து நிமிஷத் துண்டு ஒரு பீரியடுக்குள் அடங்கும். படத்தைப் பற்றிப் பிள்ளைகள் எழுதும் மதிப்புரை எழுத்துப் பயிற்சிக் கணக்கில் சேரும். வாயால் சொல்வதோடு ஒரு வகுப்பை அவர் வந்து பார்க்கட்டும். பின்பெஞ்சுப் பையன் கை தூக்கிப் பேசுவதைப் பார்த்தால் அவரே அடுத்தது எப்போது என்று கேட்பார்.

நீ இருக்கும் தர்மபுரிப் பக்கம் தெருக்கூத்து உயிரோடு இருக்கிற பூமி. பாரதக் கூத்து நடக்கும் ஊர்கள் சுற்றிலும் இருக்கும். முகவீணை ஊதுகிறவர் ஒருவரையாவது உன் பிள்ளைகள் தேடிப்போய்ப் படம் எடுக்கட்டும். தென்கோடியில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு முகவீணை என்றால் என்னவென்றே தெரியாது. உங்கள் பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் தெரியாது. அரையாண்டுக்கு முன்னால் உன் வகுப்புப் படத்தை எனக்கு அனுப்பு, என் வகுப்புப் படத்தை உனக்கு அனுப்புகிறேன். பார்த்துவிட்டு இரண்டு வகுப்பும் ஒன்றுக்கொன்று கேள்வி எழுதி அனுப்பட்டும். அதற்கு எந்த இயக்குநரின் அனுமதியும் வேண்டாம், நம் பிள்ளைகளின் அனுமதி போதும்.

முதல் துண்டாக எதை எடுத்தாய், பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று விவரமாக எழுது. நன்றாக வந்ததையும் எழுது, வராததையும் எழுது. ஆவணித் தபசுக்கு லீவு போட்டுவிட்டு மூன்று பேரும் வந்துவிடுங்கள். அம்மா எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகள் கேமராவோடு தேரடியில் நிற்பார்கள், உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன். மருமகளுக்கு என் முத்தம். அத்தான் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

என்றும் அன்புடன்,
உன் அக்கா